தம் போடும் முன்னே: பெருநாள் பிரியாணிக்குச் சில குறிப்புகள்

திருப்புட்குழிக்கு வெளியூரிலிருந்து வருபவர்கள் விஜயராகவப் பெருமாளைச் சேவிக்க வருவார்கள். ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செய்த இடம் என்பது தலவரலாறு. வறுத்த பயறும் இங்கே முளைக்கும் என்று நம்பி, பிள்ளை வரம் கேட்டு வரும் பெண்களும் உண்டு. ஊரை ஒட்டி ஓடுகிறது சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை. பாலுசெட்டிசத்திரத்தில் மேற்கே பஸ் ஏறினால் வாலாஜா, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று வழிநெடுகப் பிரியாணி போர்டுதான். நான் பிறந்தது அந்த மேற்குப் பக்கம், வாழ்க்கைப்பட்டது இந்தப் பக்கம். என் பாட்டி நன்னிமாவிடம் கேட்டதும், இங்கே வந்து சட்டி அடிபிடித்துக் கற்றதும் சேர்ந்து கீழே இருக்கின்றன.

கறி ஹலாலா என்று கேட்க யாரும் மறப்பதில்லை. மறந்துபோவது மளிகைப் பைதான். அதனால் அதற்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

1. கறிக்கடைக்கு விடியற்காலையில் போங்கள். கூட்டம் குறைவு என்பது ஒரு காரணம். அறுப்பதைப் பார்த்து வாங்கலாம் என்பது பெரிய காரணம். பிஸ்மில்லாஹ் சொல்லி, குரல்வளை, உணவுக்குழல், கழுத்தின் இருபக்க இரத்தக் குழாய்கள் எல்லாம் அறுபட்டு, இரத்தம் முழுதாக வடிந்த பிறகுதான் தோலை உரிக்க வேண்டும். வெட்டித் தரும்போதே பித்தப்பை, சிறுநீர்ப்பை, கொழுப்புக்குள் ஒளிந்திருக்கும் சுரப்பிக் கட்டிகள் ஆகியவற்றை எடுத்துவிடச் சொல்லுங்கள். ஈரலும் மண்ணீரலும் கூடும். ஓட்டம் நின்றபின் சதைக்குள் தங்கிய இரத்தத்தில் குற்றமில்லை. கறி வெளுக்கும்வரை ஏழு தண்ணீரில் அலசினால் ருசிதான் வெளியே போகும்.

2. பிரியாணிக்கு வெறும் சதை வாங்காதீர்கள். தொடை, முன்சப்பை, நெஞ்செலும்பு மூன்றும் கலந்து ஒரு கிலோ வாங்குங்கள். மசாலாவுக்குச் சாறு எலும்பிலிருந்துதான் வர வேண்டும்.

3. பக்ரீத் அன்று வரும் புகார் ஒன்று உண்டு: "புதுக் கறிதானே, ஏன் ரப்பர் மாதிரி இருக்கு?" புதுக் கறி என்பதால்தான் அப்படி. அறுத்த சில மணி நேரத்தில் தசை விறைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் அடுப்பில் ஏற்றினால் எவ்வளவு வேகவைத்தாலும் இழுக்கும். ஒன்று, அறுத்து வந்த சூட்டோடு ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் சமைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஓர் இரவு ஃபிரிட்ஜில் வைத்து, விறைப்பு தளர்ந்தபின் சமையுங்கள். இரண்டுக்கும் வழியில்லையா? பப்பாளிக் காயைத் தோலோடு அரைத்து, கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி தடவி அரை மணி நேரம் வைக்கலாம். அதற்கு மேல் வைத்தால் கறி கூழாகிவிடும்.

4. பிறைக் கணக்கில் பெருநாள் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்கிறது. 2026-இல் பக்ரீத் மே மாதக் கடைசியில், கத்திரி வெயிலோடு ஒட்டி வருகிறது. அந்த வெயிலில் பச்சைக் கறியை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. பங்கு போடும்போதும் மூன்று பங்கையும் விரித்துவைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்காமல், ஏழைகளுக்கான பங்கையும் சொந்தக்காரர்களுக்கான பங்கையும் முதலில் அனுப்பிவிட்டு வீட்டுப் பங்கைத் தொடுங்கள். அறுத்துக் கொடுத்தவருக்குக் கூலி தனியாகப் பணமாகவே கொடுக்க வேண்டும். தோலையோ கறியையோ கூலியில் கழிக்கக் கூடாது.

5. இனி மளிகைப் பை. பாக்கெட்டில் பச்சை வட்டம் இருந்தால் ஹலால் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். பாதிதான் சரி. பச்சை வட்டம் சொல்வது, பாலும் தேனும் போன்ற சில தவிர விலங்கிலிருந்து வந்த பொருள் இதில் இல்லை என்பதைத்தான். ஆகவே பன்றிக் கொழுப்பு, ஜெலட்டின் கவலை அங்கே தீர்ந்தது. சாராயத்தைப் பற்றி அந்த வட்டம் வாய் திறக்காது. எசன்ஸ் பாட்டிலில் பச்சை வட்டமும் இருக்கும், வாசனையைக் கரைக்க எத்தில் ஆல்கஹாலும் இருக்கும். வெனிலா, ரோஸ், பாதாம் என்று பேர்போட்ட சின்னச் சின்ன பாட்டில்களைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். ப்ரொப்பிலீன் கிளைக்கால் என்று இருந்தால் பயமில்லை. பிரியாணிக்கு வாசனை வேண்டுமென்றால் பன்னீரோ தாழம்பூ நீரோ போதும். அவை ஆவியில் வடித்தெடுத்தவை.

6. அசைவத்தைக் குறிக்கும் பழுப்பு முக்கோணம் போட்ட பாக்கெட் என்றால் இன்னும் கவனமாகப் பாருங்கள். சேர்மானப் பொருள்களின் எண்களில் ஐ.என்.எஸ். 120 என்பது பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்புச் சாயம். 542 எலும்பிலிருந்து வருவது. 471, 631 இரண்டும் தாவரத்திலிருந்தும் வரலாம், விலங்கிலிருந்தும் வரலாம். பச்சை வட்டப் பாக்கெட்டில் இந்த இரண்டு எண்ணைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம். ஜமியத் உலமா-ஐ-ஹிந்த் ஹலால் டிரஸ்ட், ஹலால் இந்தியா போன்ற அமைப்புகளின் முத்திரை இருந்தால் படிக்கும் வேலை மிச்சம். ஆனால் வீட்டில் காயவைத்த மிளகாய்க்கும் மில்லில் கண்முன்னே அரைத்த மல்லிக்கும் எந்த முத்திரை வேண்டும்?

7. ஜெல்லிப் பாக்கெட்டில் நான் ஏமாந்திருக்கிறேன். ஒரு பெருநாளைக்கு வெளிநாட்டிலிருந்து வந்த உறவுக்காரர் ஒரு பெட்டி கொடுத்தார். பிள்ளைகள் ஆசையாகக் கிண்டி முடித்தபின்தான் ஜெலட்டின் என்ற சொல் கண்ணில் பட்டது. எந்த விலங்கின் ஜெலட்டின் என்று அதில் இல்லை. அவ்வளவும் சாக்கடைக்குப் போனது. அன்றிலிருந்து கடல்பாசிதான். பத்து கிராம் கடல்பாசியை ஒரு லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, முழுதாகக் கரையும்வரை கொதிக்கவிட்டு, சர்க்கரை சேர்த்து வடிகட்டித் தட்டில் ஊற்றுங்கள். பால் சேர்ப்பதென்றால் தண்ணீரைக் குறைத்து, பாசி கரைந்தபின் சூடான பாலை ஊற்றுங்கள். ஜெலட்டின் நம் ஊர் வெயிலில் ஓடிவிடும். கடல்பாசி ஃபிரிட்ஜ் இல்லாமலே இறுகும், மதியம் வரை தட்டில் அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

8. வாடகைப் பாத்திரம் எடுக்கிறீர்களா? முதல் வேலை, நன்றாகத் தேய்த்துக் கழுவி, வெந்நீர் கொதிக்கவைத்து ஊற்றுவது. போன விசேஷத்தில் அதில் என்ன வெந்தது என்று நமக்குத் தெரியாது. இரண்டாவது, செம்பு அல்லது பித்தளை டேக்சா என்றால் உள்ளே ஈயப்பூச்சு முழுசாக இருக்கிறதா என்று பார்ப்பது. தயிரும் தக்காளியும் செம்பில் நேரடியாகப் பட்டால் கசக்கும், வயிற்றையும் கலக்கும். பூச்சு தேய்ந்திருந்தால் வாங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

9. அரிசி சீரகச் சம்பா. ஒரு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ கறி என்பதுதான் எங்கள் பக்கத்துக் கணக்கு. எட்டு முதல் பத்துப் பேர் சாப்பிடலாம். புது அரிசி குழையும், ஒரு வருஷமாவது பழகியதாகக் கேட்டு வாங்குங்கள். இரண்டே தண்ணீரில் மென்மையாகக் களைந்து அரை மணி நேரம் ஊறினால் போதும். அதற்கு மேல் ஊறினால் கிளறும்போது நொறுங்கும்.

10. ஆற்காடு நவாபின் அடுக்களையிலிருந்து வந்த கைமணம் என்று ஆம்பூர்க்காரர்கள் சொல்வார்கள். எது எப்படியோ, மசாலா குறைவு என்பதுதான் இந்தப் பிரியாணியின் சூட்சுமம். கரம் மசாலாப் பொடி, மஞ்சள் பொடி, பிரியாணி மசாலா பாக்கெட் எதுவும் வேண்டாம். பட்டை, கிராம்பு, ஏலக்காய் போதும். காரத்துக்கும் நிறத்துக்கும் காய்ந்த மிளகாய்: கிலோவுக்கு 15 முதல் 20 வரை எடுத்து, பாதி விதையை உதிர்த்துவிட்டு, வெந்நீரில் அரை மணி ஊறவைத்து மையாக அரைக்க வேண்டும். மிளகாய்த் தூள் போட்டால் பிரியாணி பழுப்படிக்கும். அரைத்த விழுதில்தான் அந்தச் செம்மண் நிறம் வரும்.

11. இப்போது தாளிப்பு. இதில்தான் அவசரப்படுகிறோம். 200 மில்லி எண்ணெய் காய்ந்ததும் பட்டை வகைகள், பிறகு மெல்லிசாக நறுக்கிய கால் கிலோ வெங்காயம். பொன்னிறம் வந்ததும் 100 கிராம் பூண்டு விழுது. அதன் பச்சை வாசம் போனபின் 100 கிராம் இஞ்சி விழுது. இரண்டையும் ஒன்றாக அரைத்துக் கொட்டினால் நன்னிமா கரண்டியைப் பிடுங்கிக்கொள்வார். பூண்டு வதங்க நேரமாகும், அதற்குள் இஞ்சி அடியில் ஒட்டிக்கொள்ளும் என்பது அவர் நியாயம். அடுத்து கறி, உப்பு. கறி தண்ணீர் விட்டு, அந்தத் தண்ணீர் வற்றும்வரை கிளறுங்கள். பிறகு மிளகாய் விழுது, கால் கிலோ நாட்டுத் தக்காளி, ஒரு டம்ளர் புளிக்காத தயிர், ஒரு கைப்பிடி புதினா, ஒரு கைப்பிடி மல்லித்தழை. காஞ்சிபுரம் ராஜாஜி மார்க்கெட்டில் காலையில் வாங்கிய கட்டு மாலைக்குள் வாடிவிடும் என்பதால் கீரையை மட்டும் அன்றன்றைக்கு வாங்குவது நல்லது. கறி முக்காலே மூணு வீசம் வெந்து, எண்ணெய் மேலே மிதக்கும்போது மசாலாத் தண்ணீர் அரை லிட்டர் அளவில் நிற்க வேண்டும். கூடுதலாக நின்றால் அடுப்பைக் கூட்டி வற்றவிடுங்கள். இந்த அளவு தவறினால் மேலே என்ன தம் போட்டாலும் பிரயோஜனமில்லை.

12. அரிசியைத் தனியாக வடிப்பதுதான் எங்கள் வழக்கம். தண்ணீர் தளதளவென்று கொதிக்கட்டும். நாக்கில் வைத்தால் கரிக்கும் அளவுக்கு உப்பு போடுங்கள். சீரகச் சம்பா ஐந்தாறு நிமிஷத்தில் முக்கால் பதத்துக்கு வந்துவிடும், அடுப்பை விட்டு நகரக் கூடாது. ஒரு பருக்கையை நசுக்கினால் நடுவில் வெள்ளைப் பொட்டு தெரிய வேண்டும். உடனே வடித்து, சூடாகவே கறிமேல் கொட்டி, கரண்டியின் முதுகால் ஒருமுறை மட்டும் புரட்டிச் சமன்செய்யுங்கள்.

13. தம்முக்கு எங்கள் கொல்லையில் வேலிகாத்தான் விறகு. ஊரையே வளைத்துக்கொண்ட முள்மரம் என்று எல்லோரும் திட்டுகிறோம், ஆனால் நின்று எரியும் கங்குக்கு அதற்கு ஈடு சொல்ல முடியவில்லை. அடியில் தீயை இழுத்துவிட்டு, மூடியின்மேல் கங்கைப் பரப்பி, விளிம்பை ஈரத்துணியாலோ மைதா மாவாலோ அடைத்து 20 நிமிஷம். இறக்கியபின் பத்து நிமிஷம் யாரும் திறக்கக் கூடாது. கேஸ் அடுப்பு என்றால் டேக்சாவுக்குக் கீழே கனமான தோசைக்கல், மேலே கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரம். மாட்டிறைச்சிக்கும் இதே முறைதான், கறி வேகும் நேரம் மட்டும் கூடும். 2022 மே மாதம் ஆம்பூரில் அரசு நடத்தவிருந்த பிரியாணித் திருவிழாவில் மாட்டிறைச்சி பிரியாணிக்கு இடமில்லை என்று சர்ச்சை எழுந்து, கடைசியில் மழையைக் காரணம் சொல்லித் தள்ளிவைத்தார்கள். வீட்டு அடுப்பில் அந்தச் சண்டை கிடையாது.

14. தொட்டுக்கொள்ள எண்ணெய்க் கத்தரிக்காய். வேர்க்கடலை, எள், காய்ந்த மிளகாய் வறுத்து அரைத்து, புளிக்கரைசலில் கொதிக்கவிட்டு, நாலாகக் கீறி வதக்கிய பிஞ்சுக் கத்தரிக்காயைப் போட்டால் முடிந்தது. முந்தின நாளே செய்துவைத்தால் ருசி கூடும். தயிர்ப் பச்சடிக்கு உப்பைப் பரிமாறும்போது போடுங்கள், முன்னாலேயே போட்டால் வெங்காயம் நீர் விடும்.

15. இறால் பிரியாணி செய்து விருந்துக்குக் கூப்பிடுவதானால் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கத்து ஷாஃபி சட்டப்பிரிவினருக்குக் கடலில் உள்ளவை எல்லாமே ஆகும். எங்கள் வேலூர்ப் பக்கம் ஹனஃபிகள் அதிகம். நண்டைத் தொடமாட்டார்கள், இறாலில் ஆலிம்களுக்கிடையே இரண்டு கருத்து உண்டு. விருந்தாளி தட்டைப் பார்த்துத் தயங்கி உட்கார்ந்திருப்பதைவிடக் கேட்டுவிடுவது மேல்.

16. அக்கம்பக்கத்தில் சைவக் குடும்பங்கள் இருந்தால் அவர்களுக்கு முதலில் சமையுங்கள். "அக்கா, உங்களுக்குக் கறி எடுத்துட்டு வெறும் சோறு தரேன்" என்று சொல்லவே கூடாது. அவர்களுக்கு நம் கறிக்கரண்டி பட்டாலே ஆகாது, நமக்குப் பன்றிக் கொழுப்பு ஆகாததைப்போல. விடிந்ததும் கறி வீட்டுக்குள் வருவதற்கு முன்பே, தனிச் சட்டி, தனிக் கரண்டி, புது எண்ணெயில் காய்கறிப் பிரியாணி ஒரு படி ஆக்கி, மூடிக் கட்டி அனுப்பிவிடுவேன். போன பெருநாளுக்கு அந்தத் தூக்குவாளி சர்க்கரைப் பொங்கலோடு திரும்பி வந்தது.

17. மிஞ்சிய பிரியாணியை டேக்சாவிலேயே இரவு முழுக்க விடாதீர்கள். அகலத் தட்டில் பரப்பி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் ஏற்றுங்கள். மறுநாள் வாணலியில் கிளறினால் சம்பா அரிசி உடையும். இட்லிப் பானையில் துணி விரித்து, பிரியாணியைப் பரப்பி, பத்து நிமிஷம் ஆவி காட்டுங்கள். ஒரே ஒரு முறைதான் சூடாக்கலாம். அடியில் பிடித்த காந்தலுக்கு எங்கள் வீட்டில் இன்னும் அடிதடி உண்டு, அதை ஒளித்துவைக்க மட்டும் என்னிடம் குறிப்பு இல்லை.