கழுவக் கழுவ எரிச்சல் கூடுவது ஏன்?

கேள்வி: எனக்கு 54 வயது. மாதவிலக்கு நின்று மூன்று வருடம் ஆகிறது. சில மாதங்களாகப் பிறப்புறுப்பில் வறட்சி, எரிச்சல், அடிக்கடி நீர்க்கடுப்பு. சுத்தம் போதவில்லையோ என்று கிருமிநாசினி கலந்த தண்ணீரில் தினமும் கழுவுகிறேன். எரிச்சல் கூடத்தான் செய்கிறது. கணவர் நெருங்கினாலே வலிக்குமோ என்று பயம். டாக்டரிடம் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது.
- பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: அம்மா, அந்தக் கிருமிநாசினியை இன்றோடு நிறுத்திவிடுங்கள். உங்கள் சுத்தத்தில் எந்தக் குறையும் இல்லை. குறைந்திருப்பது ஈஸ்ட்ரோஜன்.

யோனியின் உட்சுவரைத் தடிப்பாகவும் ஈரமாகவும் வைத்திருந்தது அந்த ஹார்மோன்தான். அது இருந்தவரை சுவரின் செல்களில் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சத்து சேர்ந்தது. அதை வைத்துப் பிழைக்கும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கி, பிஎச் அளவை 3.8 முதல் 4.5 வரை வைத்திருந்தன. ஏறக்குறைய தயிரின் புளிப்பு. கெட்ட கிருமிகளுக்கு அந்தப் புளிப்பு ஆகாது. இப்போது சுவர் மெலிந்து, நல்ல பாக்டீரியாக்கள் குறைந்து, பிஎச் 5-க்கு மேல் போயிருக்கும். சிறுநீர் வரும் பாதைக்கும் இதே ஹார்மோன் தேவை. நீர்க்கடுப்பு அடிக்கடி வருவது அதனால்தான். மிச்சமிருக்கும் காவலையும் மருந்துத் தண்ணீர் அழிக்கிறது.

திடீரென உடம்பு கொதித்து வியர்ப்பது பெரும்பாலும் சில வருடங்களில் தணிந்துவிடும். இந்த வறட்சி பொதுவாகத் தானாகத் தணிவதில்லை. 'வயசானா அப்படித்தான்' என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் பெண்களைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. இதற்கு நல்ல மருந்து இருக்கிறது.

வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால் கழுவினால் போதும்; உள்ளே எதையும் ஊற்றாதீர்கள். உறவின்போது மருந்துக்கடையில் கிடைக்கும் லூப்ரிகன்ட் ஜெல் உதவும். அது போதாவிட்டால், உள்ளே வைக்கும் ஈஸ்ட்ரோஜன் கிரீமை டாக்டர் எழுதித் தருவார். பெரும்பாலும் முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு வாரம் இருமுறை. ரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கும். மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் அதை முதலில் சொல்லிவிடுங்கள். சிறுநீர்ப் பரிசோதனையோடு சர்க்கரையும் பார்த்துவிடுவது நல்லது.

கணவரிடம் 'வேண்டாம்' என்பதோடு நிறுத்தாமல் 'வலிக்கிறது' என்று சொல்லுங்கள். காரணம் தெரியாவிட்டால், உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றே அவர் நினைத்துக்கொள்வார்.

மாதவிலக்கு நின்று ஒரு வருடம் கடந்த பின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் கூச்சம் பார்க்காமல் உடனே மகளிர் மருத்துவரிடம் போங்கள். பல நேரம் இந்த மெலிந்த சுவர்தான் காரணமாக இருக்கும். ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோயும் பெரும்பாலும் இப்படித்தான் முதலில் தெரியவரும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் குணமாக்கிவிடலாம்.