பாதித் தூரத் தண்டனையும் பெருக்குத் தொடர்வரிசையும்

பத்தாம் வகுப்பில் பெருக்குத் தொடர்வரிசை நடத்தும்போது ஒரு காகிதத்தைப் பாதி பாதியாக மடித்துக் காட்டுவது என் வழக்கம். இந்த ஆண்டு அமெரிக்கக் கால்பந்தின் தண்டனை விதி ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

அது பெயரளவில்தான் கால்பந்து. பந்தைக் கையில் ஏந்தி எதிரணியின் இலக்குக் கோட்டைக் கடக்க வேண்டும். ஒவ்வொரு முயற்சிக்கும் முன் இரு அணிகளும் நேருக்கு நேர் நிற்கும். பந்து நகரும் முன்பே தடுக்கும் அணியினர் பாய்ந்து எதிரணியினரை இடித்தால் 5 கஜம் தண்டனை. அதாவது, பந்து இலக்கை நோக்கி 5 கஜம் முன்னே வைக்கப்படும். கோடு மிக அருகில் இருந்தால் அதற்கு இடமேது? மீதித் தூரத்தில் பாதி மட்டும் நகர்த்துவார்கள்.

2025 ஜனவரி 26 அன்று பிலடெல்பியாவில் ஈகிள்ஸ் அணி இலக்குக்கு ஏறத்தாழ 1 கஜத்தில் நின்றது. வாஷிங்டன் அணியின் பிரான்கி லுவு, பந்து நகரும் நொடியை ஊகித்து எதிரணி வரிசையின் மேலேயே தாவினார். தண்டனை கிடைத்தது, மறுபடியும் தாவினார்.

கரும்பலகையில் கணக்கிட்டோம். 1/2, 1/4, 1/8... பொது விகிதம் 1/2. பத்து முறை தண்டித்த பிறகும் 1/1024 கஜம் மிஞ்சும். ஒரு கஜம் 91.44 செ.மீ. என்பதால் அது சுமார் 0.9 மி.மீ. முடிவிலாக் கூடுதல் 1. ஆனால் எத்தனை முறை தண்டித்தாலும் பந்து கோட்டைத் தொடாது.

"அப்போ தப்பு பண்ணப் பண்ணத் தண்டனை கொறைஞ்சுக்கிட்டே போகுதே சார்!" என்றாள் ஒரு மாணவி.

எனக்குச் சுருக்கென்றது. முறை வருமுன் விடையைக் கத்தும் குழுவின் மதிப்பெண் பாதியாகும் என்று வகுப்பு வினாடி வினாவுக்கு நான் வைத்திருந்த விதியும் இதேதான். 2 மதிப்பெண்ணோடு கடைசியில் இருந்த குழு ஏன் அவ்வளவு உற்சாகமாகக் கத்தியது என்பது அப்போதுதான் புரிந்தது!

இந்த ஓட்டையை அடைக்க அங்கே ஒரு விதி உண்டு. கண்கூடான அநியாயச் செயல் என்று கருதினால், தூரக் கணக்கை விட்டுவிட்டு நடுவர் புள்ளிகளையே வழங்கலாம். மிக மிக அரிதாகவே இது பயன்படும். அன்று நடுவர் அப்படி வழங்க நேரிடும் என்று அறிவித்தார், வழங்கவில்லை. ஈகிள்ஸ் தானே கோட்டைக் கடந்தது.

கல்லூரி ஆட்டம் ஒன்றில் வழங்கியதும் உண்டு. 1954 ஜனவரி 1, டல்லாஸ் நகரம். ரைஸ் அணியின் டிக்கி மோகிள் தடுப்பாரின்றி ஓடிக்கொண்டிருந்தார். வெளியே பெஞ்சில் இருந்த அலபாமா வீரர் டாமி லூயிஸ் மைதானத்துக்குள் பாய்ந்து அவரை வீழ்த்தினார். மோகிள் கோட்டைத் தொடாமலேயே 95 கஜ ஓட்டத்துக்கான புள்ளிகள் கிடைத்தன.

"லூயிஸை முன்னாடியே எச்சரிச்சாங்களா சார்?" என்று கேட்டான் பின்வரிசை மாணவன். இல்லை என்றேன். "அப்போ அது மட்டும் நியாயமா?"

வகுப்பு இரண்டுபட்டது. வினாடி வினா விதியை அவர்களையே திருத்தி எழுதச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் 2 மதிப்பெண் கழிக்கலாம் என்றது ஒரு குழு. மூன்றாம் முறை வெளியேற்றம் என்றது இன்னொன்று. ஆசிரியரே முடிவு செய்யட்டும் என்றது மூன்றாவது. கடைசி யோசனையை, வழக்கமாகக் கத்தும் குழுதான் கடுமையாக எதிர்த்தது. மூன்றும் பலகையில் இருக்கும்போதே மணி அடித்துவிட்டது, அழிக்காமல் வந்துவிட்டேன்.