பி.யூ.சி.யை மறந்த ஊரில் பவுண்டேஷன் இயர்

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பேக்கரி. சாயங்காலம் டீ குடிக்கப் போனால், முப்பது வருடம் கெமிஸ்ட்ரி நடத்தியவன் என்பதை நினைவு வைத்திருக்கும் யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். போன மாதம் வந்தவர் போனில் ஒரு கடிதத்தைத் திறந்து காட்டினார். மகனுக்கு இங்கிலாந்தில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி இடம், ஆனால் முதல் வருடம் ‘பவுண்டேஷன் இயர்’.

“ஏனுங்க சார், பையனை ஒரு வருசம் பெயில் போட்ட மாதிரிதானுங்களே இது?”

“உங்க அப்பா என்ன படிச்சாருங்க?”

“பி.எஸ்சி.ங்க, பீளமேட்டுல. எழுபத்தி மூணுல முடிச்சாருங்க.”

அப்படியென்றால் அவரும் பவுண்டேஷன் படித்தவர்தான். அன்றைக்கு அதற்குப் பெயர் பி.யூ.சி. பதினோரு வருடம் பள்ளிக்கூடம், எஸ்.எஸ்.எல்.சி., பிறகு கல்லூரியில் ஒரு வருடம் பி.யூ.சி., அதன்மேல் மூன்று வருடப் பட்டம். கூட்டினால் பதினைந்து. 1978-ல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி வந்தபோது அந்த ஒரு வருடம் கல்லூரியை விட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் குடிபோய் பிளஸ் டூவில் கலந்துவிட்டது. பன்னிரண்டும் மூன்றும் இன்றைக்கும் அதே பதினைந்துதான். பி.யூ.சி. படித்த தாத்தாவை யாரும் பெயிலானவர் என்று சொன்னதில்லை. பேரன் படித்தால் மட்டும் தெருவில் ஒரு பேச்சு!

இங்கிலாந்தில் பள்ளிப் படிப்பே பதின்மூன்று வருடம். பட்டம் மூன்று. நம் பையன் பன்னிரண்டு முடித்துப் போகிறான். விட்டுப்போகும் அந்த ஒரு வருடத்தைத்தான் சில பல்கலைக்கழகங்கள் பவுண்டேஷன் என்று கேட்கின்றன. இது வருடக் கணக்கு. மூளைக் கணக்கு இல்லை.

“மக்குப் பசங்களுக்குத்தான்னு வெளிநாட்டுப் படிப்பு ஏஜென்சியில இருந்த ஒருத்தரே சொன்னாருங்க.” இதையும் கேட்டிருக்கிறேன். அந்த வகுப்பில் உட்காருபவர்கள் பலவிதம். பள்ளியில் கெமிஸ்ட்ரியே எடுக்காமல் பிறகு மனம் மாறியவர், சில வருடம் வேலைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தவர், நம்மைப் போலப் பன்னிரண்டு வருடப் பள்ளிமுறையிலிருந்து போனவர். மார்க் குறைந்தவரும் இருப்பார், இல்லையென்று சொல்லவில்லை. சிதம்பரத்தில் பிறந்து 2009-ல் வேதியியலுக்கு நோபல் பரிசு வாங்கிய வெங்கி ராமகிருஷ்ணன், பரோடாவில் ஒரு வருடம் ‘ப்ரீ சயின்ஸ்’ படித்த பிறகுதான் பட்டப்படிப்புக்குப் போனார். அந்தப் பட்டம் கெமிஸ்ட்ரியில்கூட இல்லை, பிசிக்ஸில்.

அடுத்த நம்பிக்கை கொஞ்சம் ஆபத்தானது: “பிளஸ் டூவில படிச்சதைத்தானே திரும்பச் சொல்லிக் குடுப்பாங்க, சும்மா உட்கார்ந்துட்டு வந்தாப் போதும்.” பாடத் தலைப்புகள் அதேதான். நம் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தின் முதல் பாடமே மோல் கணக்கு. ஆனால் பல பள்ளிகளில் பதினொன்றை ஒப்புக்கு ஓட்டிவிட்டுப் பன்னிரண்டைத்தான் இரண்டு வருடமும் உருப்போட வைத்தார்கள். அந்த ஓட்டை கல்லூரி லேபில் வந்து பல்லிளிக்கும். எலுமிச்சைச் சாற்றின் பிஎச் ஏறக்குறைய 2, பாலுக்கு 6-க்கு மேல். புளிப்பு எத்தனை மடங்கு என்று கேட்டால் சட்டென்று “மூணு மடங்கு சார்” என்பார்கள். பிஎச்சில் ஒரு எண் இறங்கினால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு பத்து மடங்கு ஏறும். நாலு எண் என்றால் பத்தாயிரம் மடங்கு. பிஎச் என்பது மடக்கைக் (லாகரிதம்) கணக்கு. அது புரியாதவனுக்கு கெமிஸ்ட்ரி வெறும் மனப்பாடம்தான்.

பல பவுண்டேஷன் வகுப்புகளில் கெமிஸ்ட்ரியோடு கணக்கும் பிசிக்ஸும் இருப்பது இதனால்தான். அதோடு லேப். நம் ஊர் உதாரணமே சொல்கிறேன். சிறுவாணித் தண்ணீரில் சோப்பு பொங்கி நுரைக்கும். வீட்டு போர் தண்ணீரில் திரிந்துபோகும். காரணம் கால்சியமும் மெக்னீசியமும். எவ்வளவு என்று கண்டுபிடிக்க, தண்ணீரில் பிஎச் 10 பஃபர் ஊற்றி, எரியோகுரோம் பிளாக் டி இரண்டு சொட்டு விட்டு, பியூரெட்டிலிருந்து ஈ.டி.டி.ஏ. கரைசலைச் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். ஒயின் சிவப்பு நீலமாக மாறும் அந்த ஒற்றைச் சொட்டில் கை நிற்க வேண்டும். அதைப் புத்தகத்தில் படித்து நூற்றுக்கு நூறு வாங்கியவனின் கை முதல் நாள் ஐந்து மில்லி தாண்டித்தான் நிற்கும். கை பழக நாளாகும். அந்த நாட்களைத்தான் இந்த வருடம் கொடுக்கிறது.

அதற்காக எல்லோரும் போயே ஆக வேண்டும் என்பதும் பொய். நல்ல மார்க் இருந்தால் பிளஸ் டூவை வைத்தே நேராக முதல் வருடத்தில் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகங்கள் அங்கே பல. இங்கே கோவை அரசு கலைக் கல்லூரியிலோ பூ.சா.கோ. கலை அறிவியல் கல்லூரியிலோ சேர்ந்தால் மூன்றே வருடம்.

“பவுண்டேஷன்ல சேர்ந்துட்டா டிகிரி சீட்டு உறுதிதானுங்களே?” என்றார் கடைசியாக. இங்கேதான் பணம் போகும். உறுதி இல்லை. பெரும்பாலும் குறிப்பிட்ட மார்க் எடுத்தால்தான் முதல் வருடத்துக்கு ஏற்றுவார்கள். கெமிஸ்ட்ரிக்கும் கணக்குக்கும் தனித்தனியாக மார்க் கேட்கும் இடங்களும் உண்டு. அந்த மார்க் பொதுவாகப் பட்டத்தின் தரவரிசையில் சேராது, வாசலைத் திறக்க மட்டும் உதவும். ஒரு வருடத்து பீஸும் தங்கும் செலவும் கூடுதல். எத்தனை மார்க், தவறினால் என்ன வழி, பவுண்டேஷனை நடத்துவது பல்கலைக்கழகமா அல்லது வேறு தனியார் நிறுவனமா? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்கிய பிறகு பேங்க் லோனுக்குப் போங்கள் என்றேன்.

அவர் போனை மூடி வைத்துவிட்டு, “அப்பாவோட கிளார்க்ஸ் டேபிள், அந்த மடக்கை அட்டவணைப் புத்தகம், பரண்ல கெடக்குதுங்க சார், செல்லு அரிச்சிருக்கும்” என்றார்.

எடுத்துத் தூசு தட்டிப் பையனிடம் கொடுக்கச் சொன்னேன். இங்கிலாந்தில் கால்குலேட்டர் இருக்கும்தான். மடக்கை என்றால் என்னவென்று விரலால் தடவிப் பார்க்கட்டுமே.