தனிக் கொட்டகையில் தெளிவான தொலைக்காட்சி

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

மாடி வீடுகளின் பின்புறத்தில், வீட்டோடு ஒட்டாமல் தனித்து நிற்கும் கார் கொட்டகைகளை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். மூன்று பக்கம் சுவர், மேலே தகரக் கூரை, முன்புறம் இரும்புக் கதவு. இதுவே அதன் இலக்கணம். காருக்கென்று கட்டப்பட்டதாயினும் அதன் ஒரு பாதியிலோ, அதை ஒட்டிய அறையிலோ ஓட்டுநரோ காவலரோ குடும்பத்துடன் வாழ்வது பல ஊர்களில் வழக்கமாக உள்ளது. அங்கும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி உண்டு. ஆனால் படம் தெளிவாகத் தெரிவதுதான் அரிது. "மாடியில் வைத்தால்தான் எடுக்கும், கொட்டகையில் எப்படி எடுக்கும்?" என்று அதற்குக் காரணமும் கூறிவிடுவார்கள். இக்கூற்று எவ்வளவு தூரம் உண்மை என்பதை இயற்பியல் கொண்டு ஆராய்வோம்.

உயரம் வேண்டும் என்னும் எண்ணம் ஆதாரமற்றதன்று. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15 அன்று தொடங்கப்பட்டது. அன்றைய ஒளிபரப்பு முழுவதும் தரையில் நின்ற கோபுரங்களிலிருந்து வந்தது. அந்த அலைகள் ஏறத்தாழ நேர்க்கோட்டில் செல்பவை, பூமியோ உருண்டை. ஆகவே கோபுரத்தின் உயரத்தையும் நம் ஆன்டெனாவின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, ஒவ்வொன்றின் வர்க்க மூலத்தையும் கண்டு, இரண்டையும் கூட்டி 4.12ஆல் பெருக்கினால் அலை எட்டும் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். கோபுரம் 100 மீட்டர், ஆன்டெனா 4 மீட்டர் எனில் சுமார் 49 கிலோமீட்டர். ஆன்டெனாவை 16 மீட்டருக்கு உயர்த்தினால் 57 கிலோமீட்டர். இந்த எட்டுக் கிலோமீட்டருக்காகத்தான் அன்று வீட்டுக்கு வீடு இரும்புக் குழாய்கள் வானை நோக்கி எழுந்தன. குழாயின் உச்சியில் மீன் முள்போல் இருந்தது ஜப்பானிய அறிஞர்கள் உடா, யாகி ஆகியோர் 1926இல் உலகிற்கு அறிவித்த ஆன்டெனா. 1982இல் இலங்கையில் ரூபவாகினி தொடங்கியபின் நம் தென்கடலோர ஊர்களில் அக்குழாய்கள் இன்னும் நீண்டன என்று பெரியவர்கள் இன்றும் சுவையாகச் சொல்வார்கள். அக்காலத்தில் தாழ்ந்த கொட்டகைக்கு மாடி வீட்டின் தயவு உண்மையிலேயே தேவைப்பட்டது.

தூர்தர்ஷனின் பழைய தரை ஒளிபரப்பு நிலையங்கள் சிலவற்றைத் தவிர மற்றவை 2022 மார்ச்சுக்குள் படிப்படியாக மூடப்பட்டுவிட்டன. இன்று அலை கோபுரத்திலிருந்து வருவதில்லை. பூமத்திய ரேகைக்கு மேல் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள செயற்கைக் கோளிலிருந்து வருகிறது. அவ்வளவு தொலைவிலிருந்து வரும் அலைக்கு மாடி என்ன, தரை என்ன? பத்து மீட்டர் உயர்ந்து நின்றால் கோள் நமக்குப் பத்து மீட்டர் அருகில் வரும், அவ்வளவே! வேண்டியது உயரமன்று, கோள் இருக்கும் திசையில் மறைப்பில்லாத ஒரு துண்டு வானம் மட்டுமே.

அத்துண்டு எங்கே இருக்கிறது? மாதச் சந்தா இல்லாத டி.டி. ஃப்ரீ டிஷ் சேவை 93.5 பாகை கிழக்குத் தீர்க்க ரேகையில் நிற்கும் ஜிசாட்-15 வழியாக வருகிறது. 2015 நவம்பரில் ஏவப்பட்ட கோள் இது. திருச்சிராப்பள்ளி ஏறத்தாழ 10.8 பாகை வடக்கு, 78.7 பாகை கிழக்கு. கோண அளவியலைக் கொண்டு கணக்கிட்டால், கிழக்கிலிருந்து தெற்காகச் சுமார் 35 பாகை திரும்பி, அடிவானத்திலிருந்து சுமார் 69 பாகை அண்ணாந்து பார்க்க வேண்டும் என்ற விடை கிடைக்கிறது. நாம் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் கிடைத்த பேறு இது. குளிர் நாடுகளில் கோள் அடிவானத்தை ஒட்டித் தாழ்ந்து நிற்கும். பக்கத்து வீடே மறைத்துவிடும். நமக்கோ 10 மீட்டர் உயரமுள்ள மாடி வீடு நேர் தென்கிழக்கில் நின்றாலும் அதன் சுவரிலிருந்து 4 மீட்டர் தள்ளித் தட்டை வைத்தால் அலை தடையின்றி வந்து விழும். கொட்டகையின் வாசலே போதும். தென்னை ஓலை மட்டும் குறுக்கே ஆடக் கூடாது.

இதை நான் வெறுங்கணக்காக எழுதவில்லை. என் தந்தையார் வாகன ஓட்டுநர். நாங்கள் வாழ்வதும் அத்தகைய கொட்டகை ஒன்றை ஒட்டிய அறையில்தான். மாடியில் இருந்த தட்டிலிருந்து ஒரு கேபிளைப் பிரித்து எங்களுக்கும் தந்திருந்தார்கள். மாலை வேளையில் எங்கள் பெட்டியில் சில அலைவரிசைகள் திடீரென மறையும். சற்று நேரங்கழித்துத் தாமே திரும்பும். வீட்டார் வேண்டுமென்றே நிறுத்துகிறார்கள் என்று என் தாயார் நெடுநாள் எண்ணியிருந்தார். அதில் யாருடைய குற்றமும் இல்லை. தட்டின் குவியத்தில் உள்ள எல்.என்.பி. என்னும் கருவி, செங்குத்தாக அதிரும் அலையை எடுப்பதா, கிடையாக அதிரும் அலையை எடுப்பதா என்பதைப் பெட்டியிலிருந்து கேபிள் வழியே செல்லும் மின்னழுத்தத்தைக் கொண்டே தீர்மானிக்கிறது. 13 வோல்ட் என்றால் செங்குத்து, 18 வோல்ட் என்றால் கிடை. இரண்டு பெட்டிகளை ஒரே கேபிளில் சாதாரணப் பிரிப்பான் கொண்டு இணைத்தால், ஒன்று 13 கேட்கும்போது மற்றது 18 கேட்கலாம். 18 கேட்பதே வெல்லும்; மற்றதில் படம் மறையும். இதைப் படம் வரைந்து விளக்கியபோது என் தாயார், "அப்ப அவங்க மேல தப்பில்லையா?" என்று கேட்டார்.

இதற்கு மாற்று இரண்டு. ஒன்று, மாடித் தட்டில் இரு வாய் கொண்ட எல்.என்.பி. பொருத்தித் தனிக் கேபிள் இழுத்தல். மற்றது, கொட்டகைக்கென்று தனித் தட்டு நிறுத்துதல். இடமிருப்பின் இரண்டாவதே சிறந்தது என்பது என் கருத்து. பழுது வந்தால் பிறர் வீட்டு மாடிப்படி ஏற வேண்டியதில்லை. 2017இல் தொடங்கப்பட்ட ஸ்வயம் பிரபா கல்வி அலைவரிசைகளும் இதே ஜிசாட்-15 வழியே வருபவை. ஆதலால் கல்லூரி மாணவர் உள்ள வீட்டிற்கு இது வெறும் பொழுதுபோக்குச் செலவும் அன்று.

தட்டைத் தகரக் கூரையின்மேல் நிறுத்துதல் கூடாது. 60 சென்டிமீட்டர் தட்டு ஏறத்தாழ 3 பாகை அகலமுள்ள வானத்தை மட்டுமே பார்க்கிறது. அதன் விளிம்பு ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால் பார்வை ஒரு பாகை விலகும். இரண்டு பாகை விலகினால் வரும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். தகரமோ காற்றடித்தால் துள்ளும். சிமெண்டுத் தளத்தில் நட்ட குழாயோ, உறுதியான சுவரோதான் ஏற்றது. அக்குழாயில் துணிக்கொடி கட்டுவதையும் விலக்க வேண்டும். திசை காணக் காந்த ஊசியைப் பயன்படுத்துவோர் இரும்புக் குழாயிலிருந்து தள்ளி நின்று பார்க்க வேண்டும். அருகில் சென்றால் ஊசி குழாயையே காட்டும். நம் தட்டுகளில் எல்.என்.பி. நடுவில் இல்லாமல் கீழ்ப்புறம் தள்ளி இருப்பதால், 69 பாகை பார்க்கும் தட்டு பார்வைக்கு 44 பாகை அளவே நிமிர்ந்திருப்பதுபோல் தோன்றும். இதைக் கண்டு பலர் தட்டை மேலும் நிமிர்த்திப் படத்தை இழந்துவிடுகிறார்கள்.

கேபிள் இழுக்க நேர்ந்தவர்கள் தொலைவைக் கண்டு அஞ்ச வேண்டா. கடைக்காரர் 'பூஸ்டர்' வாங்கச் சொல்வார். 40 மீட்டர் நீளமுள்ள ஆர்.ஜி.6 கேபிளில் மிக உயர்ந்த அதிர்வெண்ணில் சுமார் 13 டெசிபெல் இழப்பு ஏற்படும். அதாவது இருபதில் ஒரு பங்கு ஆற்றலே பெட்டியை அடையும். கேட்க அச்சமாக இருக்கும். ஆனால் எல்.என்.பி. அந்த அலையை முன்னதாகவே லட்சம் மடங்கிற்கு மேல் பெருக்கித்தான் அனுப்புகிறது. கேபிளில் புகுமுன்னரே, அலை தூய்மையாக இருக்கும்போதே பெருக்கிவிடுவதில்தான் நுட்பம் இருக்கிறது. பெட்டிக்கு அருகில் வைக்கும் பூஸ்டர் படத்துடன் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும்.

உண்மையான எதிரி தொலைவன்று, இணைப்பு. கேபிளை இடையில் வெட்டி, செப்புக் கம்பிகளை முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. நீர் புகுந்து வலைக் கம்பியின் வழியே பல அடி தூரம் ஊறிச் செல்லும். ஒரே துண்டாக இழுத்து, இரு முனையிலும் திருகு கனெக்டர் பொருத்தி, வெளிமுனையை ரப்பர் உறையால் மூட வேண்டும். சுவருக்குள் நுழையுமுன் கேபிளைச் சற்றுத் தொங்கவிட்டு மேலேற்றினால் மழைநீர் அத்தொங்கலில் சொட்டிவிடும். நடுக் கம்பி முழுச் செம்பா, செம்பு பூசிய எஃகா என்பதை ஒரு காந்தத்தால் அறியலாம். எஃகு என்பதற்காக உடனே ஒதுக்க வேண்டியதில்லை. இவ்வளவு உயர் அதிர்வெண்ணில் மின்னோட்டம் கம்பியின் தோலில், சில மைக்ரோமீட்டர் ஆழத்திலேயே ஓடுகிறது, அத்தோல் செம்புதான். எல்.என்.பி.க்குச் செல்லும் நேர்மின்னோட்டம் மட்டும் முழுக் கம்பியையும் நாடும். ஆகவே மிக நீண்ட தூரத்திற்கே முழுச் செம்பு தேவை.

கனமழையில் படம் சிதறுவதைக் கேபிளின் குறையாகக் கருத வேண்டா. இவ்வலைகளின் நீளம் 3 சென்டிமீட்டருக்கும் குறைவு. மழைத்துளிகள் அவற்றை விழுங்கிச் சிதறடிக்கின்றன. 60க்குப் பதில் 90 சென்டிமீட்டர் தட்டு வைத்தால் பரப்பு 2.25 மடங்காகும், சாதாரண மழையைத் தாங்கிவிடும்.

இறுதியாக உயிர் பற்றிய செய்தி. குழாயைத் தூக்கி நிறுத்தும்போது மேலே மின்கம்பி செல்கிறதா என்று பார்த்தே தூக்க வேண்டும். குழாய் மின்கம்பியில் பட்டு மாண்டவர் செய்தியை நாளிதழில் நாம் படிக்காத ஆண்டில்லை. கேபிளையும் மின்சார ஒயரையும் ஒரே குழாய்க்குள் இழுக்கக் கூடாது. வீட்டிலிருந்து கொட்டகைக்குக் கேபிள் வந்தால், வீட்டின் மின்கசிவும் அதன் வலைக் கம்பியோடு கூடவே வரக்கூடும். ஈரத்தரையில் வெறுங்காலுடன் நிற்பவருக்கு அதுவே போதும். எனவே இரு முனையிலும் பெட்டிகளின் பிளக்கைப் பிடுங்கிய பின்னரே கேபிளைத் தொட வேண்டும். தட்டின் குழாயை மின்பணியாளரைக் கொண்டு கட்டடத்தின் எர்த்துடன் இணைத்துவிட வேண்டும். வானம் இருட்டும்போதே கேபிளைப் பெட்டியிலிருந்து திருகிக் கழற்றிவிடுதல் நலம். இடி தலைக்கு மேல் வந்தபின் அதைத் தொடக் கூடாது.