கப்பி தாங்குவது இரண்டு மடங்கு



மழைக்காலம் வந்தால் நம் தோட்டங்களில் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. கொழுந்து லொறியின் பின்சில்லு கானுக்குள் இறங்கிவிடும். வின்ச் பூட்டிய ட்ரக்டர் வரும். கம்பிக் கயிற்றை மரத்தில் கட்டிய ஒரு கப்பி வழியாகத் திருப்பி லொறியை இழுப்பார்கள். மடுவத்துப் பெண்களும் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளும் வேடிக்கை பார்க்கக் கூடிவிடுவார்கள். அந்தக் கப்பியைப் பற்றித்தான் இம்முறை பாடம்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் இப்படி இழுக்கும்போது கயிறு அறவில்லை, கப்பியின் ஆணி முறிந்தது. கழன்ற கப்பி பறந்து வந்து ஒரு தொழிலாளியின் காலை உடைத்தது. பழைய ஆணி தேய்ந்ததால் கைக்குக் கிடைத்த போல்ட் ஒன்றைப் போட்டிருந்தார்களாம். “கயிறு தாங்கியதை ஆணி ஏன் தாங்கவில்லை?” என்று எல்லோரும் கேட்டார்கள்.

இதற்கு விடை எங்களுக்கு இணுவிலில் கிடைத்தது. ஒரு கல்யாணத்துக்காக அங்கே போய்த் தங்கியிருந்தோம். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குக் கீழே உள்ள நீரைக் கிணற்றால்தான் எடுக்க வேண்டும். முன்பு தோட்டத்துக்குத் துலா, வீட்டுக்குத் துலாவோ கப்பியோ. பிறகு பம்பு வந்தது. 1990களின் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் கிடைக்காமல் பம்புகள் நின்றபோது, கயிறும் வாளியும்தான் மறுபடி கைகொடுத்தன. நாங்கள் தங்கிய வீட்டுப் பெரியவர் கப்பிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே சொன்னார்: “தம்பி, கயிறு அறுந்தால் வாளிதான் போகும். ஆணி போனால் கப்பி தலையிலை விழும். அதாலை நான் முதலிலை பாக்கிறது ஆணியை.”

அவர் சொன்னதற்குக் கணக்கு இதுதான். வாளியும் தண்ணீரும் 10 கிலோ என்போம். அதைத் தாங்கிப் பிடிக்க நாமும் 10 கிலோ பலத்தில் கயிற்றைக் கீழே இழுக்க வேண்டும். இரண்டு பக்கமும் சேர்ந்து ஆணியில் விழுவது 20 கிலோ! கயிற்றுக்கு ஒரு மடங்கு, கப்பிக்கு இரண்டு மடங்கு.

லொறிக்கும் இதே கணக்குத்தான். வின்ச் 2 தொன் இழுக்கிறது, கயிறு மரத்துக் கப்பியில் முழுதாகத் திரும்பி வருகிறது என்றால், கப்பியின் ஆணி, கொக்கி, மரத்தில் கட்டிய பட்டி எல்லாம் 4 தொன் தாங்க வேண்டும். கயிறு செங்கோணமாகத் திரும்பினால் ஏறத்தாழ 2.8 தொன். ஆகவே வின்சின் ஆகக்கூடிய இழுவையைப் போல் இரண்டு மடங்கு தாங்கும் கப்பியே வேண்டும். தாங்கும் பாரம் பொறிக்கப்படாத கப்பியை வாங்க வேண்டாம்.

நல்ல கப்பி எப்படி இருக்க வேண்டும்?

1. ஆணி: அந்தக் கப்பிக்கென்றே செய்த உருக்கு ஆணியாக இருக்க வேண்டும். கண்ட போல்டைப் போடக்கூடாது. ஆணி கழன்று வராதபடி பூட்டு ஊசியும் வேண்டும்.

2. சில்லு: சின்னச் சில்லில் கயிறு கூர்மையாக மடங்கும். மடங்கி மடங்கியே உள்கம்பிகள் ஒவ்வொன்றாக முறியும். பாரம் தூக்கும் கிரேன்களில் கயிற்றுத் தடிப்பைப் போல் 18 மடங்கு விட்டமுள்ள சில்லு வைப்பது வழக்கம். 10 மில்லிமீற்றர் கயிறு என்றால் 180 மில்லிமீற்றர். கையால் தூக்கிச் செல்லும் கப்பியில் அவ்வளவு கிடைக்காது. இருந்தாலும் பெரிது எவ்வளவோ அவ்வளவுக்குக் கயிறு நீடிக்கும்.

3. தவாளிப்பு: கயிறு ஓடும் பள்ளம் கயிற்றைவிடச் சற்றே அகலமாக இருக்க வேண்டும். ஒடுங்கினால் கயிற்றை நெரிக்கும். மிக அகன்றால் கயிறு தட்டையாகும். பள்ளத்தில் கயிற்றின் தடம் பதிந்திருந்தால் சில்லை மாற்றும் காலம் வந்துவிட்டது.

4. புஷ்: இரும்பில் இரும்பு உரசினால் இரண்டும் தேயும். நடுவே வெண்கலப் புஷ் இருந்தால் அதுதான் தேயும், அதை மாற்றினால் போதும். சேற்றில் பாவித்த பிறகு கழுவிக் காயவைத்துக் கிறீஸ் அடிக்க வேண்டும்.

5. பக்கத்தகடு: சில்லுக்கும் தகட்டுக்கும் இடையில் கயிறு நுழைய இடமிருக்கக் கூடாது. நுழைந்தால் இறுகி வெட்டுப்படும்.

கிணற்றுக் கப்பி அநேகமாக வார்ப்பிரும்பு. வாளிக்கு அது போதும். ஆனால் வார்ப்பிரும்பு வளையாது, முன்னறிவிப்பில்லாமல் உடையும். அதை ஒருபோதும் வாகனத்துக்குப் போடாதீர்கள்.

இழுக்கும்போது எங்கே நிற்பது? கப்பியில் திரும்பும் கயிறு ‘வி’ எழுத்துப் போல இருக்கும். கப்பி கழன்றால் கெட்டபோலில் வைத்த கல்லைப் போல அந்த ‘வி’யின் உள்பக்கமாகவே பறக்கும். அதற்குள் யாரும் நிற்கக் கூடாது. கயிறு அறுந்தாலும் சுழன்று அடிக்கும். அதனால் கயிற்றின் நீளத்தைவிடத் தூரமாகப் போய் நிற்க வேண்டும். நனைத்த சாக்கு ஒன்றைக் கயிற்றின் மேல் போட்டால் அறுந்தாலும் வேகம் குறையும். பிள்ளைகளை முதலில் அப்புறப்படுத்துங்கள். ஆணி சரியில்லை என்று கண்டால், “நிறுத்துங்க, ஆணியைப் பாருங்க” என்று யாரும் சொல்லலாம். கூச்சப்பட வேண்டாம்.

வீட்டுப் பயிற்சி: தொங்கு தராசு ஒன்றில் சின்னக் கப்பியைத் தொங்கவிடுங்கள். கயிற்றின் ஒரு முனையில் 5 கிலோ மாப்பையைக் கட்டி, மறுமுனையை நேரே கீழே இழுத்து அசையாமல் பிடியுங்கள். கப்பியின் நிறையைக் கழித்துவிட்டுத் தராசு காட்டுவதைப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லுங்கள். 5 கிலோ அல்ல, 10 கிலோ காட்டும். ஒருமுறை கண்ணால் கண்ட பிள்ளை பிறகு அந்தக் கப்பிக்குப் பக்கத்தில் போய் நிற்காது.