நெறி கட்டினால் எங்கே தேடுவது?

மாந்தோப்பில் முள் குத்திய கால் சீழ் வைத்தால், இரண்டு நாளில் தொடையிடுக்கில் ஒரு கட்டி புடைத்துக்கொண்டு நடக்கவிடாமல் செய்யும். திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கத்தில் புளி உலுக்கப் போகிறவர்களுக்கும், மாசித் திருவிழாவில் பூக்குழி இறங்கியவர்களுக்கும் தெரிந்த வலிதான் இது. "நெறி கட்டியிருக்கு" என்று சுண்ணாம்பு தடவுவார்கள். எண்ணெய் போட்டு உருவிவிடுவார்கள். இரண்டும் வேண்டாம். நோய் பெரும்பாலும் நெறியில் இருப்பதில்லை. நெறிக்கு வந்து சேரும் பாதையில் எங்கோ இருக்கிறது. அதைத் தேடும் முறையைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் பாதை

ரத்த நுண்குழாய்களிலிருந்து நீர் ஓயாமல் கசிந்து தசைக்கும் தோலுக்கும் போகிறது. வயலில் பாய்ந்து மிஞ்சிய தண்ணீரை வடிகால் கொண்டுபோவதுபோல, இந்த மிச்ச நீரைத் திருப்பி எடுத்துப்போவது நிணநீர்க் குழாய்கள். நாளொன்றுக்கு 2 முதல் 4 லிட்டர் வரை இப்படி ரத்தத்தில் மீண்டும் சேர்கிறது. இதைத் தள்ள இதயம்போல் தனி உறுப்பு கிடையாது. குழாய்ச் சுவரின் சுருக்கம், நாம் நடக்கும்போது தசை தரும் அழுத்தம், மூச்சின் ஏற்ற இறக்கம், நீரைப் பின்னால் விடாத தடுப்பிதழ்கள் ஆகியவைதான் அதை நகர்த்துகின்றன.

வழிநெடுக நிணநீர்க் கணுக்கள் இருக்கின்றன; உடம்பு முழுக்கச் சேர்த்தால் பல நூறு. கிருமி வந்தால் அங்குள்ள வெள்ளணுக்கள் பெருகிக் கணு வீங்குகிறது. அதைத்தான் நெறி என்கிறோம். கால்கள், வயிறு, இடக்கை, தலையின் இடப்பக்கம் ஆகியவற்றின் நிணநீர் எல்லாம் இடது கழுத்தடியில் ரத்தத்தோடு கலக்கிறது. வலக்கை, தலை மற்றும் மார்பின் வலப்பக்கம் மட்டும் வலது கழுத்தடிக்குப் போகும்.

படி 1: இடத்தைக் குறியுங்கள்

• தாடைக்கு அடியில்: பல், ஈறு, வாய், தொண்டை.
• பின்கழுத்தில்: தலைத்தோல். பேன் கடித்துச் சொறிந்த புண்ணும் போதும்.
• அக்குளில்: கை, மார்பகம், மேல்முதுகு.
• தொடையிடுக்கில்: கால், பிட்டம், பிறப்புறுப்பின் தோல், ஆசனவாய். விதையின் நிணநீர் மட்டும் வயிற்றுக்குள் உள்ள கணுக்களுக்குப் போவதால், விதையில் கட்டி வந்தாலும் தொடையிடுக்கு சும்மா இருக்கலாம்.
• கழுத்தெலும்புக்கு மேல்: நெஞ்சும் வயிறும். இடப்பக்கம் இங்கே கட்டி வந்தால் இரைப்பைப் புற்றுநோயாக இருக்கலாம் என்று எச்சரித்தவர் ஜெர்மானிய மருத்துவர் விர்ச்சோ. அவர் பெயராலேயே அந்தக் கணுவை இன்றும் அழைக்கிறார்கள்.

படி 2: தொட்டுப் பாருங்கள்

நடு மூன்று விரல்களின் சதைப்பகுதியால் மெதுவாக வட்டமிட்டு உருட்டிப் பாருங்கள். நுனிவிரலால் குத்தாதீர்கள். கழுத்துக்கு உட்கார்ந்து தாடையைச் சற்றுத் தாழ்த்த வேண்டும். இரு பக்கத்தையும் ஒரே நேரத்தில் அழுத்தக் கூடாது. அக்குளுக்குக் கையைத் தளர்த்தி, மற்றொருவர் தாங்கிப் பிடிக்க, விரல்களை உச்சிவரை கொண்டுபோய் விலா ஓரமாகக் கீழிறக்க வேண்டும். தொடையிடுக்குக்குப் படுத்து முழங்காலைச் சற்று மடக்க வேண்டும். இருமும்போது புடைத்து, படுத்தால் உள்ளே போகும் வீக்கம் நெறி அல்ல. அது குடலிறக்கமாக இருக்கலாம். எந்த இடமானாலும் மறுபக்கத்தையும் தொட்டு ஒப்பிடுங்கள்.

படி 3: எழுதி வையுங்கள்

தேதி, அளவு, எண்ணிக்கை, வலி உண்டா, மெத்தென்றா கல்லாகவா, விரலுக்கு நகர்கிறதா ஒட்டிக்கிடக்கிறதா. பொதுவாக 1 செ.மீ.க்குள் இருப்பது இயல்பு. செருப்பில்லாமல் நடப்பவர்களுக்குத் தொடையிடுக்கில் 1.5 செ.மீ. வரை நோயின்றியே இருக்கலாம். வலிக்கிற, நகர்கிற நெறி பெரும்பாலும் கிருமித் தொற்றால் வருவது. வலிக்காத நெறியைத்தான் அலட்சியம் செய்யக் கூடாது.

படி 4: புண்ணைத் தேடுங்கள்

கால்விரல் இடுக்கைப் பிரித்துப் பாருங்கள். குதிகால் வெடிப்பு, நகக்கண், பழைய முள் தழும்பு எதையும் விடாதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவி, இடுக்கில் ஈரமில்லாமல் துடைத்து, செருப்புப் போடுங்கள். புண்ணிலிருந்து மேல்நோக்கிச் சிவப்புக் கோடு ஓடி, குளிர்க்காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

படி 5: கால் வீங்கினால்

நிணநீர் வடியாமல் தேங்கினாலும் கால் வீங்கும். முன்னங்கால் எலும்பின்மேல் கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்துங்கள். குழி விழுந்தால் நீர் தேங்கியிருக்கிறது. பிறகு இரண்டாவது கால்விரலின் அடியில் மேல்தோலைக் கிள்ளித் தூக்குங்கள். மடிப்பாகத் தூக்க முடியாவிட்டால் அது பெரும்பாலும் நிணநீர் வீக்கம். தூக்க முடிந்தாலும் இல்லையென்று உறுதியாகாது. இரு கால்களிலும் ஒரே உயரத்தில் நாடா வைத்து அளந்து பாருங்கள். 2 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சட்டைத் தையலில் நாள் முழுக்க உட்காருபவர்களுக்கு மாலையில் இரு காலும் வீங்கலாம். எழுந்து நடந்தால் குறையும். காலையிலும் வற்றாவிட்டால் இதயம், சிறுநீரகம், ஈரலைச் சோதிக்க வேண்டும். ஒரே காலில் திடீரென்று கெண்டைச்சதை வீங்கி வலித்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம். உருவிவிடாமல் உடனே புறப்படுங்கள். பல ஆண்டுகளாக ஒரு கால் பருத்தே இருந்தால் யானைக்கால் நோய்க்கும் சோதனை தேவை. அதன் புழுக்குஞ்சுகள் இரவில்தான் ரத்தத்தில் மிகுதியாக வரும் என்பதால், வழக்கமாக இரவில் ரத்தம் எடுப்பார்கள்.

படி 6: காத்திருக்கக் கூடாதவை

• கழுத்தெலும்புக்கு மேல் எந்த அளவிலும் கட்டி.
• 2 செ.மீ.க்கு மேல், அல்லது கல்லாக, ஒட்டிக்கிடக்கும் கட்டி.
• நான்கு வாரமாகியும் வற்றாதது, பல இடங்களில் ஒரே சமயம் வந்தது.
• மாலைக் காய்ச்சல், படுக்கை நனையும் இரவு வியர்வை, காரணமில்லாத மெலிவு.
• மார்பகத்தில் கட்டியோடு அக்குளிலும் கட்டி.

படி 7: மருத்துவமனையில்

நத்தம் அரசு மருத்துவமனையில் தொடங்குங்கள். மேல்சோதனைக்குத் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையும் இருக்கின்றன. ஸ்கேன் எடுப்பார்கள், மெல்லிய ஊசியால் கணுவிலிருந்து அணுக்களை எடுத்துப் பார்ப்பார்கள், தேவையானால் கணுவையே அகற்றிச் சோதிப்பார்கள். "ஊசி பட்டால் புற்று பரவும்" என்ற பயத்தில் நாளைக் கடத்தாதீர்கள். கடைக்காரர் தரும் ஸ்டீராய்டு மாத்திரையையும் தொடாதீர்கள். அது வீக்கத்தைத் தற்காலிகமாகக் குறைத்து, நிணநீர்ப் புற்றைச் சோதனையில் தெரியாமல் மறைத்துவிடக்கூடும்.

நம் நாட்டில் கழுத்தில் நாள்பட்ட நெறிக்குக் காசநோய் ஒரு முக்கியக் காரணம். நுரையீரலில் இல்லாமல் கணுவில் மட்டும் இருந்தால் அது இருமலில் பரவாது. ஆகவே வீட்டில் யாரும் தட்டைத் தனியாக வைக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் 6 மாத மருந்து, அரசு மருத்துவமனையில் இலவசம். சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். சிகிச்சையின் நடுவே கட்டி சற்றுப் பெரிதாகலாம். அதைக் கண்டு மருந்தை நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

புண் ஆறினால் நெறியும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் வற்ற வேண்டும். எழுதி வைத்த தேதியிலிருந்து வாரம் ஒருமுறை மட்டும் தொட்டுப் பாருங்கள். அடிக்கடி அமுக்கினால் அதுவே வலியைக் கூட்டும். நான்காவது வாரமும் அங்கேயே இருந்தால், வலி இல்லையே என்று ஆறுதல் கொள்ளாமல் அந்தக் காகிதத்தோடு மருத்துவரிடம் போங்கள்.