இமாச்சலில் குடியேற ஊர் தேடுகிறீர்களா?

1. முதலில் வாடகைக்கு இருங்கள். அம்மாநில விவசாயி அல்லாதவர் விளைநிலம் வாங்க, 1972-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 118-ஆவது பிரிவுப்படி அரசு அனுமதி வேண்டும்.

2. ஆகஸ்டிலும் ஜனவரியிலும் போய்ப் பாருங்கள். மழையில் மண் சரிந்து சாலை அடைபடும். உயரமான ஊர்களில் குழாய்த் தண்ணீர் உறையும்.

3. பெரிய மருத்துவமனை எத்தனை கிலோமீட்டர் என்று கேட்காமல், எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். வளைவுப் பாதையில் 40 கி.மீ. கடக்கவே ஒன்றரை மணி நேரம் ஆகலாம்.

4. மொட்டை மாடிகளை நோட்டம் விடுங்கள். வீட்டுக்கு மூன்று, நான்கு கறுப்புத் தொட்டிகள் நின்றால் கோடையில் தண்ணீர் தட்டுப்பாடுதான்.

5. தெற்குச் சரிவில் வீடு பாருங்கள். வடசரிவில் குளிர்கால வெயில் அதிகம் எட்டாது.

6. ஈரம் ஒத்துக்கொள்ளாதவர்கள் தர்மசாலாவைத் தவிருங்கள். மழை மிக அதிகம். அடிக்கடி சண்டிகர் போகவேண்டியவர்களுக்குச் சோலன் வசதி.